பதிமூணடி போர்டிகோவும் தாய்மாமன் சீரும்

இல்லீங்க தம்பி, வேண்டாம். இந்தத் தட்டு மட்டும் என்ற மடியிலயே இருக்கட்டும். நீங்க கேட்டதே பெருசு. இதுல கம்மல் இருக்குது, பட்டுப்பாவாடை இருக்குது. கோயில் வாசல் வரைக்கும் இது தாய்மாமன் மடியை விட்டு எறங்கக் கூடாது. உங்களுக்கு ஒத்தாசை பண்ணோணும்னு இருந்தா, அந்தா உங்க காலுக்கிட்ட வாழைப்பழத் தட்டு இருக்குது பாருங்க, அதை எடுத்து மடியில வெச்சுக்கங்க. ஆராச்சும் மிதிச்சுப்போடுவாங்க.

அப்பிடித்தான். நேரா வெச்சுக்கங்க. பையைத் தூக்கி மேல வெச்சுட்டாப் போச்சு.

மொத்தம் ஒம்போது தட்டுங்க. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு இப்ப உங்ககிட்ட. முன்னால அந்த நர்ஸம்மா மடியில தேங்காய்த் தட்டு. எஞ்சின் பொட்டி மேல வெல்லம். வெல்லம் உருகுமாங்கன்னு டிரைவரைக் கேட்டேன். ஒரு பார்வை பார்த்தாரு. அதுக்கப்பறம் நான் ஒண்ணும் கேக்கலை. மிச்சத்தை ஆளுக்கு ஒண்ணா குடுத்து வெச்சிருக்கறேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடறேன்னு நின்னாரு. தரையில இருந்தாத்தானுங்க லக்கேஜு, மடியில இருந்தா அது கைச்சாமானுன்னு நான் எடுத்துச் சொன்னேன். அதனாலதான் எல்லார் மடியிலயும் ஏத்தியாச்சு. நியாயம் பேசுனா கேக்கறவங்க இன்னும் இருக்கறாங்க.

முன்னால மூணாவது சீட்டுல பச்சைச் சேலை தெரியுதுங்களா? அது என்ற சம்சாரம், ருக்குமணி. கோபியில ஏறுனதுலருந்து என்னைத் தெரியாத மாதிரியே உக்காந்திருக்கறா. நர்ஸம்மா ஆருங்க அந்த ஆளுன்னு இவகிட்டயே கேட்டாங்க. தெரியலீங்களேன்னு சொல்லிப்போட்டா. காதுல கேட்டுச்சு. இருக்கட்டும்.

மணி எத்தனைங்க? ஒம்போது பத்தா. பத்தரைக்குள்ள கருப்பராயன் கோயில் பிரிவுல எறங்கோணும். பத்தரைன்னா பத்தரை.

ஏன் சீரைப் பஸ்ஸுல கொண்டுட்டுப் போறேன்னுதானே பார்க்கறீங்க. கேட்டுருங்க, பரவால்லை. ஏறுனதுலருந்து நாலு பேரு கேட்டாச்சு. நானும் சொந்த வண்டிக்காரன்தானுங்க. பிக்கப் வெச்சிருக்கறேன். பேரு அர்த்தநாரி, சென்ட்ரிங் மேஸ்திரி. ஊட்டுக்குத் தளம் போடறப்ப கான்கிரீட் காயற வரைக்கும் அடியில தகடு விரிச்சு, கட்டை நட்டு, முட்டுக் குடுத்துத் தாங்கிப் புடிக்கோணுமில்ல, அந்த வேலை. இந்தச் சுத்துவட்டாரத்துல நீங்க எந்த ஊட்டுக்குள்ள போய் அண்ணாந்து பார்த்தாலும் பாதிக்குப் பாதி நான் நிறுத்துனதுதான்.

வண்டி எங்கன்னா, வண்டி வேலையில இருக்குதுங்க. இன்னியோட பதினெட்டு நாளா, ராவும் பகலும், நின்ன எடத்துலயே வேலையில இருக்குது. சொல்றேன், இருங்க. மொதல்ல தங்கச்சி கதையைச் சொல்லோணும். அதைச் சொல்லாம வண்டி கதையைச் சொன்னா நீங்க என்னைத்தான் கிறுக்கன்னு நெனப்பீங்க.

எனக்கு ஒரே தங்கச்சி. பூங்கொடின்னு பேரு. அவ சின்னப் புள்ளை மகிழினிக்குத்தான் இன்னிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்துவாங்க, உங்க பக்கமும் அப்பிடித்தானுங்களே. ஆங். அந்த மடி என்ற மடிங்க. ஆனா மூத்த பையனுக்குக் குத்தறப்ப நடந்தது வேற.

அன்னிக்குன்னு பார்த்து எனக்கு ஒரு தளம் போடற வேலை. காத்தாலை ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஒம்போதுக்கெல்லாம் கையைக் கழுவிட்டுக் கிளம்பிரலாம்னு கணக்குப் போட்டேன். மிக்சர் மிஷின் வந்ததே எட்டரைக்கு. இதுல என்ற தப்பு எதுனாச்சும் இருக்குதுங்களா? கான்கிரீட் போட ஆரம்பிச்சுட்டா நடுவுல நிறுத்த முடியாதுங்க. இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதின்னு போட்டா ஒட்டுன எடத்துல ஒழுகும். அதைப் போட்டு முடிச்சு, நான் கோயிலுக்குப் போய்ச் சேர்றப்ப மணி ஒண்ணேகால். பந்தியில பாயசம் ஊத்திட்டிருக்கறாங்க. பையன் காதுல கம்மலோட ஓடியாடி வெளையாண்டுட்டிருக்கறான். தெய்வசிகாமணி மடியில உக்கார வெச்சுக் குத்திப்போட்டாங்க.

தெய்வசிகாமணிங்கறது என்ற பெரியப்பன் மகன். முறைக்கு அவனும் தாய்மாமன்தான், நான் இல்லைங்கலை. அதுக்காக, கூடப் பொறந்தவன் ஒருத்தன் உசுரோட இருக்கறப்ப அவன் எப்பிடிங்க மடியைக் குடுக்கலாம்? கேட்டா, புள்ளை அழுதுட்டிருந்துச்சு அண்ணா, பூங்கொடிதான் உக்காரச் சொல்லுச்சுங்கறான். சொன்னா உக்காந்துருவானா?

அதுலருந்து மூணு வருஷம் நான் தங்கச்சிகிட்டப் பேசலை. ருக்குமணி என்ன சொல்றான்னா, நான் பேசாம இல்லையாம், அவதான் எங்கிட்டப் பேசலையாம். எல்லாம் ஒண்ணுதானுங்களே. மொத்தத்துல பேச்சு இல்லை.

போன மாசம் திடீர்னு பூங்கொடி ஊட்டு வாசல்ல வந்து நிக்கறா. கையில வெத்தலைத் தட்டு, இடுப்புல புள்ளை. நான் அப்பத்தான் வேலையிலருந்து வந்து, தலையெல்லாம் சிமெண்டு. அந்தப் புள்ளை என்னைப் பார்த்துச் சிரிச்சுச்சுங்க. அதுக்கு என்னைத் தெரியவே தெரியாது. முன்னப் பின்னப் பார்த்ததே இல்லை. ஆனா கையை நீட்டிட்டு எங்கிட்ட வந்துருச்சு. நான் அழுதுட்டேன். ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது, அழுதேன். பூங்கொடியும் அழுதா. அப்பறம் மூக்கை உறிஞ்சிட்டுச் சொல்றா, அண்ணா, பத்தரை மணி. பத்து முப்பத்தொண்ணுன்னா தெய்வசிகாமணி அண்ணன் மடிதான். அழுதுட்டே சொல்றா பாருங்க. அவ்வளவு அழுத்தக்காரி.

எனக்கு ரோசம் வந்துருச்சு. நானே என்ற பிக்கப்புல, ஒம்போது தட்டுச் சீரோட, முன்னால மேளம் கொட்ட, பத்து மணிக்கே வந்து நிக்கறேன் பாரு, என்ற வண்டி வரலைன்னா நான் தாய்மாமனே இல்லைன்னு சொல்லிப்போட்டேன். தெருவுல அக்கம்பக்கத்து சனமெல்லாம் நின்னு கேட்டுச்சு. ருக்குமணி உள்ள இருந்தே தலையில அடிச்சுக்கிட்டா, சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

சொன்ன சொல்லுக்காக வண்டியைக் கொண்டு போய் பெயிண்ட் அடிச்சேன். சுத்தி வர வெள்ளை, பின்னால சாமான் ஏத்தற தொட்டி ஓரத்துக்கு மஞ்சக் கோடு, முன்னாடிக் கண்ணாடியில 'தாய்மாமன் சீர் வண்டி'ன்னு செகப்புல எழுத்து. வண்டியைப் பார்த்தா எனக்கே கண்ணு பட்டுரும்னு இருந்துச்சு. எலுமிச்சம்பழம் கட்டினேன்.

இப்பத்தானுங்க வாத்தியார் கதை வருது.

குமரவேல் வாத்தியாருன்னு, எனக்கு எட்டாம் வகுப்புல கணக்கு எடுத்தவரு. ரிட்டயராகி ஊடு கட்டறாரு. ஊடு சின்னதுதான், ஆனா முன்னால போர்டிகோ பதிமூணடி ஒசரம் வேணும்னுட்டாரு. ஆளுக என்ன ஒட்டகத்துலயா வரப்போறாங்க, பத்தடி போதாதுங்களான்னு கேட்டேன். நீ கட்டையை நடு, கணக்கை நான் பார்த்துக்கறேன்னாரு. சரி, காதுகுத்துக்கு முந்தியே இந்தப் போர்டிகோவை முடிச்சுட்டா அந்த வாரம் நமக்கு வேற வேலை இருக்காது, போன தடவை மாதிரி ஆகாதுன்னு நானே அவசரப்படுத்தித் தேதி குறிச்சேன். நல்லதுக்குத்தானே நெனச்சேன்?

போர்டிகோவுக்கு ஓரமெல்லாம் முட்டுக் குடுத்தாச்சு. நடுவுல மட்டும் ஒம்போது முட்டு பாக்கி. ஒசரமான தளத்துக்கு இரும்பு ஜாக்கிதான் நிறுத்தோணும், திருகித் திருகி ஒசத்திக்கலாம். தளம் போடற அன்னிக்குக் காத்தாலை அதை ஏத்தறதுக்குன்னு வண்டித் தொட்டியைத் தொறக்கறேன், மஞ்சக் கோடு பளபளன்னு இருக்குது. இரும்பு உரசுனா என்னத்துக்கு ஆகும்? சீரு கொண்டு போற வண்டிங்க. அதனால ஜாக்கியை ஊட்டுலயே வெச்சுட்டு, சவுக்குக் கட்டை ஒம்போதை எடுத்துச் சாக்குல சுத்தி, பதனமா ஏத்திட்டுப் போனேன். ருக்குமணி வாசல்ல நின்னு, அது பத்தாது, ஜாக்கியை எடுத்துட்டுப் போங்கன்னா. பொம்பளைக்குச் சென்ட்ரிங்கைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

அங்க போய்க் கட்டையை நிறுத்துனா, பத்தடி. போர்டிகோ பதிமூணடி. மூணடிக்கு அந்தரத்துல நிக்குது.

மிக்சர் மிஷின் சுத்துது. இருபது ஆளு சட்டியோட நிக்குது. இவனுக அன்னிக்குன்னு ஏழு மணிக்கே வந்துட்டானுக. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஒரு நிமிசம் கண்ணை மூடி நின்னேன். அப்பத்தான் மனசுல பட்டுச்சு. பதிமூணுல பத்து போனா எத்தனைங்க? மூணு. என்ற வண்டித் தொட்டி தரையிலருந்து எத்தனை அடி? மூணு. அளவெடுத்துச் செஞ்சாப்பல இருக்குது. வண்டியைப் பின்னால எடுத்து நேராப் போர்டிகோவுக்கு அடியில விட்டேன். கியரைப் போட்டு, கைபிரேக்கை இழுத்து, டயருக்குக் கல்லு வெச்சு, வண்டி அமுங்காம இருக்க அடியில ஹாலோபிளாக்கை அடுக்கி, தொட்டிக்குள்ள பலகை விரிச்சு, ஒம்போது கட்டையையும் நட்டேன். தகட்டுல போய் நச்சுன்னு முட்டுச்சு பாருங்க. ஆளுகெல்லாம் கை தட்டுனாங்க. எம்பது வயசு மேஸ்திரிக்கும் அந்த ரோசனை வந்திருக்காது.

சிரிக்காதீங்க தம்பி. பழம் ஆடுது.

இல்லீங்க, நான் என்ன அறியாப் புள்ளையா? எனக்குத் தெரியாதா? வண்டியை அப்பிடியே உடற எண்ணமே எனக்கு இல்லை. தற்காலிகமா வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பிச்சுட்டு, கான்கிரீட் நடுவுக்கு வர்றதுக்குள்ள ஊட்டுக்குப் போய் இரும்பு ஜாக்கியைக் கொண்டாந்து மாத்திப்போடறதுன்னுதான் திட்டம். திட்டத்துல ஒரு ஓட்டை கிடையாது. பாதிக் கான்கிரீட் ஏறுனதுக்கப்பறம், சரி ஜாக்கியை எடுத்துட்டு வந்துரலாம்னு சாவியை எடுத்துட்டு நடக்கறேன். நாலு எட்டு நடந்துட்டேன். அப்பறம்தான் எதுல போறதுன்னு தோணுச்சு. வண்டிதான் முட்டா நிக்குதே.

வேற வண்டிக்குப் போன் பண்ணியிருக்கலாம்னு நீங்க சொல்றது எனக்குப் புரியுது. அதை இப்பச் சொல்றீங்க. அப்ப நீங்க அங்க இல்லையே. அதுவுமில்லாம அதுக்குள்ள நடுவுலயும் கான்கிரீட் போட்டாச்சு.

சாயங்காலம் வாத்தியாரோட மருமக வந்துச்சு. அந்தப் புள்ளை இன்ஜினியருங்க. போர்டிகோவைப் பார்த்துச்சு, வண்டியைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு. மறுபடியும் வண்டியைப் பார்த்துச்சு. அப்பறம் மெதுவா, இருபத்தொரு நாளைக்கு இதை ஆரும் தொடக் கூடாதுன்னுச்சு. பக்கத்துலயே வேற முட்டுக் குடுத்துட்டு வண்டியை உருவிக்கறனுங்கன்னேன். அதுக்கு அந்தப் புள்ளை, வண்டிக்கு ஸ்பிரிங் இருக்குதுங்க மேஸ்திரி, ஒரு கட்டையை எடுத்தா வண்டி எந்திரிக்கும், மிச்சக் கட்டை எட்டும் தளத்தைக் குத்தும், பச்சைக் கான்கிரீட்டு விரிசல் உட்டுரும்னுச்சு. நான் ஹாலோபிளாக் வெச்சிருக்கறனுங்கன்னேன். அதையும் சேர்த்துத்தான் பயமா இருக்குதுன்னுச்சு.

வாத்தியார் அதைக் கேட்டதும் வந்து கையை நீட்டுனாரு. எட்டாம் வகுப்புல எங்கிட்டருந்து விசிலைப் புடுங்குன அதே கை. சாவியைக் குடுத்துட்டேன். அதைச் சட்டைப் பையில போட்டுட்டு வண்டியைச் சுத்தி வந்தாரு, ஸ்கேலை வெச்சுத் தொட்டியோட ஒசரத்தை அளந்தாரு. அப்பறம் சொல்றாரு, பதிமூணுல பத்து போனா மூணு, அர்த்தநாரி, உன்ற வாழ்க்கையிலயே நீ சரியாப் போட்ட ஒரே கணக்கு இதுதான். பாராட்டுனாருங்க. எட்டாம் வகுப்புலகூட அவரு என்னைப் பாராட்டுனதில்லை.

மணி என்னங்க? ஒம்போது நாப்பதா. இந்த டிரைவர் ஏன் இப்பிடி உருட்டறாரு. ஏனுங்க கண்டக்டரே, கொஞ்சம் சொல்லுங்க, காதுகுத்துங்க. பார்க்கறாரு பாருங்க. இவருக்கெல்லாம் தங்கச்சி இல்லை போலருக்குது.

அன்னிலருந்து தெனமும் பஸ்ஸுல போய்ட்டுப் பஸ்ஸுல வர்றேன். தளம் காயாம இருக்க மேல பாத்தி கட்டித் தண்ணி உடோணுமில்ல, காத்தாலை ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. அந்தத் தண்ணி சிமெண்டுப் பாலோட சொட்டுச் சொட்டா என்ற வண்டி மேல ஒழுகுது. நான் மேல தண்ணி உடறேன், கீழ வந்து வண்டியைத் தொடைக்கறேன். மறுபடியும் மேல போறேன். மஞ்சக் கோடு எங்க இருக்குதுன்னே தெரியலை இப்ப. வாத்தியார் சம்சாரம் பேனட் மேல துணி விரிச்சு வடகம் காயப் போட்டிருக்கறாங்க, அங்கதான் வெயில் நல்லா உழுகுதாம். அவங்க நாயி டயருக்குப் பக்கத்துலதான் தூங்குது, என்னைப் பார்த்தாக் கொலைக்குது. என்ற வண்டிக்குப் பக்கத்துல போறதுக்கு என்னையவே கொலைக்குது.

வாத்தியார் தெனமும் காத்தாலை குளிச்சுட்டுச் சாக்பீஸோட வந்து வண்டிக் கதவுல எழுதறாரு. 'மீதி நாள் 20'. மறுநாள் அழிச்சுட்டு 'மீதி நாள் 19'. கையெழுத்து முத்து முத்தா இருக்குது. ஒரு நாள் நான் சும்மா, அவரு பார்க்காதப்ப பதிமூணை அழிச்சுட்டு எட்டுன்னு எழுதி வெச்சேன். மறுநாள் வந்து பார்த்துட்டு, செகப்புச் சாக்பீஸ்ல அடிச்சுட்டு, பக்கத்துல முட்டை போட்டு வெச்சுட்டாரு.

வாடகைக்கு ஒரு வண்டி புடிக்கலாமில்லன்னு ருக்குமணியும் சொன்னா. தாய்மாமன் சீரை வாடகை வண்டியிலயா கொண்டுட்டுப் போறது? மானம் மரியாதை ஒண்ணு இருக்குதுங்களே. பஸ்ஸு அப்பிடி இல்லை. இது கவர்மெண்டு வண்டி, நம்ம எல்லாருக்கும் சொந்தம். அந்தக் கணக்குல பார்த்தா இதுவும் சொந்த வண்டியிலதான் வர்றேன்.

இந்தத் தெய்வசிகாமணி வேற நேத்துப் போன் பண்றான். அண்ணா, எங்கிட்டக் கார் இருக்குது, காத்தாலை நான் வந்து உங்களையும் அண்ணியையும் சீரையும் கூட்டிட்டுப் போயிர்றேன், நீங்க கவலைப்படாதீங்கன்னு. கொழுப்பைப் பாருங்க. ஏசி காரு வெச்சிருக்கறான்னு காட்டறான். நான் வழியில எங்காச்சும் நிறுத்தச் சொன்னா நிறுத்துவானா, இல்லை லேட்டாக் கொண்டு போய் உட்டுட்டு மடியைத் தட்டிட்டுப் போயிருவானா? ஆரு கண்டா. சரிங்கண்ணா, நான் எதுக்கும் எட்டு மணிக்கே கோயிலுக்குப் போய்ப் பந்தலைப் பார்த்துக்கறேன்னு வெச்சுட்டான். எட்டு மணிக்கே போறானாம். எதுக்குன்னு உங்களுக்குப் புரியுதில்ல?

என்னங்க இது, நின்னுருச்சு? தம்பி, கொஞ்சம் எட்டிப் பாருங்க, உங்களுக்குத்தான் சன்னல். வாய்க்கால் பாலத்துலயா? கரும்பு லோடு டிராக்டரா? குறுக்காலயா நிக்குது?

போச்சு. மணி சொல்லுங்க. பத்து ஏழு. இங்கிருந்து கோயிலுக்கு இன்னும் நாலு மைலு. நடந்தா ஒரு மணி நேரம். ஓடுனா? நான் ஓடியிருவேன் தம்பி, எனக்கு அம்பது ஆகலை. தட்டுத்தான் ஒம்போது இருக்குது. சீரு போகாட்டிப் போகுது, கம்மல் தட்டை மட்டும் எடுத்துட்டு ஓடறேன். மிச்சத்தை நீங்க பார்த்துக் கொண்டாந்து சேர்த்துருங்க. ஒரு மனுசன் ரெண்டு தடவை ஒரே தப்பைப் பண்ணக் கூடாதுங்க. அந்தப் புள்ளை கையை நீட்டிட்டு எங்கிட்ட வந்துச்சுங்க. அது இன்னொருத்தன் மடியில உக்காந்து அழுதுச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு அதைத் தூக்குவேன். நவுறுங்க தம்பி. நவுறுங்க, நான் எறங்கறேன்.

என்ன ருக்குமணி? பரவால்லையே, என்னைத் தெரிஞ்சுருச்சா உனக்கு?

என்ன?

மறுபடியும் சொல்லு.

பதினொண்ணரையா?

கேட்டீங்களா தம்பி. பதினொண்ணரையாம். ஊருக்கெல்லாம் பதினொண்ணரையாம். எனக்கு மட்டும் பத்தரைன்னு சொல்லச் சொன்னாளாம் பூங்கொடி. அழைக்க வந்த அன்னிக்கே ரெண்டு பேரும் சமையக்கட்டுல பேசி முடிவு பண்ணிட்டாங்களாம். பத்திரிக்கையை எங்கண்ணுல காட்டவே இல்லை இவ. தெய்வசிகாமணிக்கும் தெரியுமாம். பஸ்ஸுல இருக்கற இந்த நர்ஸம்மாகிட்டக்கூட வர்ற வழியில சொல்லிட்டாளாம், பாருங்க, சிரிக்கறாங்க. ஒரு மாசமா எல்லாருமாச் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கறாங்க. இருங்க. இதை நான் சும்மா உடமாட்டேன். இப்பவே போன் போட்டு நாலு வார்த்தை கேக்கறேன்.

அலோ. பூங்கொடி. நான்தான். ஏனம்மிணி, நான் என்ன பச்சைப் புள்ளையா? என்னை நம்பி ஒரு மணியைச் சரியாச் சொல்ல முடியாதா உனக்கு? நான் இங்க ரோட்டுல எறங்கி ஓடறதுக்கு... என்ன? ... ம். ... இல்லை. ... இல்லை, எனக்கு ஆரும் சொல்லலை. ... ம். ... வண்டி வரலை அம்மிணி. அன்னிக்கு வண்டியில வர்றேன்னு சொன்னேனில்ல, அந்த வண்டி வாத்தியார் ஊட்டுல... தெரியுமா? ... ம். ... சரி. சரி அம்மிணி. வெச்சுடறேன்.

டிராக்டரை ஒதுக்கிட்டாங்க போலருக்குது. நவுறுது.

ஒண்ணுமில்லீங்க. நாலு வார்த்தை கேக்கோணும்னு நெனச்சேன், கேக்கலை. அவ சொல்றா, அண்ணா, போன தடவை முக்கால் மணி நேரம் புள்ளையைக் கையில வெச்சுட்டு ரோட்டையே பார்த்து நின்னேன், மாமனார் வையறாரு, காது குத்தற ஆசாரி கிளம்பறேங்கறாரு, புள்ளை வீல்னு கத்துது, நான் எங்கண்ணன் வந்துரும் வந்துரும்னு எல்லார் கால்லயும் உழுகாத கொறையா நின்னேன், மறுபடியும் அப்பிடி நிக்க எனக்குத் தெம்பு இல்லை அண்ணா, அதனாலதான் ஒரு மணி நேரம் முன்னாலயே சொன்னேங்கறா.

முக்கால் மணி நேரம் நின்னிருக்கறாங்க தம்பி. எனக்குத் தெரியாது. மூணு வருஷமா அவ எனக்காகக் காத்துக்கிட்டிருக்காம அவன் மடியில குடுத்துட்டாள்னுதான் நான் நெனச்சுட்டிருந்தேன். மனசு என்னமோ மாதிரி ஆயிருச்சுங்க.

வண்டி வரலைன்னு சொன்னேன் பாருங்க. அதுக்கு அவ, தெரியும், முட்டா நிக்கற கதையை அண்ணி அன்னிக்கே சொல்லியாச்சு, இங்க எல்லாரும் பதினெட்டு நாளாச் சிரிச்சுட்டிருக்கறோம்னுட்டு, உன்ற வண்டி ஆருக்கண்ணா வேணும், நீ மடியைக் கொண்டாந்து சேருன்னா. அப்பிடித்தான் சொன்னா. மடியைக் கொண்டாந்து சேருன்னு.

சரி உடுங்க. எப்பிடிப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் முன்னால போறேன். என்ற வம்சத்துலயே ஒரு விசேசத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால போன ஆளு நானாத்தான் இருப்பேன். எல்லாம் முன்கூட்டியே யோசிச்சுப் பஸ்ஸுல வந்ததாலதான். வண்டியில வந்திருந்தா நின்னு நின்னு லேட்டாயிருக்கும்.

அந்தா, வேப்பமரம் தெரியுது, அதான் பிரிவு. கண்டக்டர் விசில் அடிக்கறாரு. ஆமா, நீங்க எங்க எறங்கோணும்னு நான் கேக்கவே இல்லையே? வாய்க்கால் பாலத்துக்கு முன்னாலயா? அட, சொல்லியிருக்கலாமில்லீங்க. மடியில தட்டு இருந்ததால எந்திரிக்க முடியலையா. பரவால்லை, விருந்து சாப்பிட்டுட்டுப் போலாம், கறிச்சோறு. நர்ஸம்மா, நீங்களும் எறங்குங்க, தேங்காய்த் தட்டை நீங்கதான் கொண்டு வரோணும். வெல்லத்தை ஆராச்சும் எடுங்க. உருகிருச்சா? இருக்கட்டும், தட்டோட எடுங்க.

மரத்தடியில நிக்கறான் பாருங்க, வெள்ளை வேட்டி, அவன்தான் தெய்வசிகாமணி. நாலு ஆளை வேற கூட்டியாந்து நிறுத்தியிருக்கறான். தட்டு வாங்கறதுக்காம். கையை வேற ஆட்டறான். அவனுக்குப் பின்னால பூங்கொடி. புள்ளையைத் தூக்கிட்டு ரோட்டுக்கே வந்துட்டா. மறுபடியும் ரோட்டைப் பார்த்துட்டு நிக்கறா பாருங்க.

தம்பி, இந்தாங்க, இதைப் புடிங்க. ஆமா, கம்மல் தட்டேதான். பழத்துக்கு மேல வெச்சுக்கங்க, பரவால்லை. எனக்கு மடி காலியா இருக்கோணும்.